டர்ட்டி என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'அழுக்கு' போட்டுவிடலாமா?

ஓசூர்_தமிழாக்கம் | 3 ஜூன் 2024, காலை 9.40
சிப்காட் பக்கம் சில தொழிற்கூடங்களுக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சுவரில் மாட்டும் பராமரிப்பு அட்டைகள் தமிழில் போகின்றன. ஆங்கில மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் டர்ட்டி. டர்ட்டி சைடு, டர்ட்டி ஆயில், டர்ட்டி ஏரியா, டர்ட்டி லினன் (விரிப்பு, துணி), டர்ட்டி வாட்டர். என் கட்சி: எல்லாவற்றுக்கும் 'அழுக்கு' ஒன்றே போதும். படிக்கிறவருக்கு எளிது, அட்டையில் இடமும் மிச்சம். ஆட்சேபம் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். 'நல்லா இல்லை' என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

டீசல்_கை | 3 ஜூன், காலை 10.15
ஏர் ஃபில்டர்ல இது கவுந்துடுங்க. லாரி, ஜெனரேட்டர்ல வர்ற பேப்பர் ஃபில்டர்ல காத்து வெளிப்பக்கமிருந்து உள்ளே போகும். வெளிப்பக்கம் டர்ட்டி சைடு, நடுக்குழாய் கிளீன் சைடு. கடையில பெட்டி பிரிக்காத புது ஃபில்டருக்கும் டர்ட்டி சைடு உண்டு. அதுல துளி அழுக்கு இருக்காது. 'அழுக்குப் பக்கம்'னு எழுதினா ஆள் அழுக்கைத் தேடுவான், காணோம்னா எந்தப் பக்கமும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிடுவான்.

அடுத்து வர்றது பெரிய கோளாறு. காத்து அடிச்சு சுத்தம் பண்றப்ப உள்ளேருந்து வெளியே அடிக்கணும். அழுத்தம் 2 பாருக்கு மேல போகக் கூடாது, நாசிலை பேப்பர்ல ஒட்டி வைக்கக் கூடாது. வெளியேருந்து அடிச்சா தூசி பேப்பருக்குள்ள ஏறிக்கும், கொஞ்சம் கிளீன் சைடுக்கும் போயிடும். அங்கேருந்து இஞ்சினுக்குள்ள போய் டர்போ, லைனர், பிஸ்டன் ரிங் எல்லாத்தையும் தேய்ச்சுடும். சிமென்ட் தரையில தட்டி உதறுறதும் அதே கதைதான். மடிப்பு ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம கீறல் விழும். சுத்தம் பண்ணின பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டு இருட்டுல பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சா குப்பைக்குத்தான்.

இன்னொண்ணு. லேசா தூசி படிஞ்ச ஃபில்டர் புதுசை விட நல்லா வடிகட்டும். படிஞ்ச தூசியே ஒரு சல்லடை மாதிரி வேலை செய்யும். அதனால வாரா வாரம் கழட்டி ஊதுறது நல்லதில்லை. அடைப்பைக் காட்டுற இண்டிகேட்டர் சிவப்பு காட்டினா மட்டும் கழட்டுங்க. இதை எப்படி 'அழுக்கு'ன்னு எழுதுவீங்க?

சூளகிரி_பி | 3 ஜூன், காலை 10.31
அப்போ வெளிப்பக்கம், உள்பக்கம்னு எழுதிட்டா முடிஞ்சதே. எதுக்கு இவ்வளவு?

ஹைட்ராலிக்_அரூர் | 3 ஜூன், மதியம் 12.05
முடியாது. திரவத்துக்குப் போடும் பை ஃபில்டரில் ஓட்டம் தலைகீழ். பைக்குள் ஊற்றும், வெளியே கசியும், கசடு பைக்குள்ளேயே தங்கும். அங்கே உள்பக்கம்தான் டர்ட்டி சைடு. இரண்டு வகையும் ஒரே கூடத்தில் இருக்கும், ஒரே ஆள்தான் மாற்றுவார். 'வடிக்கும் முன்', 'வடித்த பின்' என்று எழுதினால் எந்த ஃபில்டருக்கும் பொருந்தும். ஓட்டத் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள்.

டர்ட்டி ஆயிலுக்கு வருகிறேன். ஹைட்ராலிக் எண்ணெயின் சுத்தத்தை ஐ.எஸ்.ஓ. 4406 முறையில் மூன்று எண்களாக எழுதுவார்கள். உதாரணம் 18/16/13. ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள் எத்தனை, 6க்கு மேல் எத்தனை, 14க்கு மேல் எத்தனை என்பதன் குறியீடுகள் அவை. 18 என்றால் 1,300க்கு மேல், 2,500 வரை. 16 என்றால் 320 முதல் 640. 13 என்றால் 40 முதல் 80. ஓர் எண் கூடினால் துகள் ஏறத்தாழ இரட்டிப்பு. மனிதக் கண்ணுக்குத் தெரிவது சுமார் 40 மைக்ரானிலிருந்துதான். ஆக, கண்ணாடிக் குவளையில் பளபளவென்று நிற்கும் எண்ணெய்கூட, ஓட்டத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வைக் கொன்றுவிடும். சீல் உடைக்காத பீப்பாய் எண்ணெயே பல நேரம் இந்த அளவைத் தாண்டித்தான் வரும். நிரப்பும்போதே ஃபில்டர் வண்டி வழியாக விடச் சொல்வது அதற்காகத்தான்.

'அழுக்கு எண்ணெய்' என்று எழுதினால் கறுத்த எண்ணெயை மட்டும் மாற்றுவார்கள். 'துகள் கூடிய எண்ணெய்' என்று எழுதுங்கள்.

டீசல்_கை | 3 ஜூன், மதியம் 12.20
இஞ்சின் ஆயில்ல இன்னும் வேடிக்கை. டீசல் இஞ்சின்ல புது ஆயில் ஊத்திக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே கறுத்துடும். புகைக்கரியைக் கட்டியாகாம மிதக்க வைக்கிற மருந்து ஆயில்லயே இருக்கு, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். கறுப்பைப் பாத்து ஆயிலை மாத்துறவன் காசை ஊத்துறான்.

வார்டு_சிஸ்டர் | 3 ஜூன், இரவு 9.50
டியூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாக்கிறேன். மருத்துவமனை அட்டைக்கு மட்டும் சொல்றேன்.

கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யுற பிரிவுல மூணு பகுதி: டர்ட்டி, கிளீன், ஸ்டெரைல் (கிருமி நீக்கினது). ஒருவழிப் பாதைதான், திரும்ப வரக் கூடாது. நோயாளிக்குப் பயன்பட்ட தட்டு உள்ளே வந்தா, அதுல இருக்கிற கத்தரிக்கோலைத் தொடவே இல்லைன்னாலும் டர்ட்டி. 'பயன்படுத்தியவை'ன்னு எழுதினா கூட, 'இதை நான் பயன்படுத்தலையே'ன்னு எடுத்து வச்சுக்குவாங்க. 'திறந்த தட்டு முழுவதும் இங்கே'ன்னு எழுதணும்.

கழுவுற முறையையும் அட்டையில சேருங்க. ரத்தம் காயக் கூடாது, காயவிட்டா கீல்ல ஒட்டிக்கும். முதல் அலசல் குளிர்ந்த தண்ணியில. 45 டிகிரிக்கு மேல போனா ரத்தத்துல இருக்கிற புரதம் கெட்டியாகி உலோகத்தோட பிடிச்சுக்கும். அப்புறம் என்சைம் கரைசல்ல ஊற வைக்கணும், கீல் எல்லாம் திறந்த நிலையில. பிரஷ் போடுறது தண்ணிக்கு அடியில, மேல தெறிக்காம. கழுவாததை 134 டிகிரி ஆவியில 3 நிமிஷம் வச்சாலும் பிரயோஜனம் இல்லை. அழுக்குப் படலத்துக்கு அடியில ஆவி போகாது.

லினன்ல ரெண்டு சொல் வரும், கவனிங்க. டர்ட்டி லினன்னா ஒருத்தர் படுத்த விரிப்பு. சாயில்டு லினன்னா ரத்தம், மலம், சீழ் பட்டது. ரெண்டும் ஒரே கூடைக்குப் போகாது. ரெண்டுக்கும் 'அழுக்குத் துணி'ன்னு போட்டீங்கன்னா சலவைக்காரர் கையுறை இல்லாம கையை விடுவார். முதலாவது 'உபயோகித்த துணி', ரெண்டாவது 'ரத்தம் / கழிவு பட்ட துணி'.

அறுவைக் காயத்தை நாலு வகுப்பா பிரிப்பாங்க. நாலாவது பேரே டர்ட்டி. பழைய காயம், செத்த தசை, ஏற்கெனவே சீழ், குடல் ஓட்டை, இதெல்லாம் அதுல வரும். தொற்று வாய்ப்பைக் கணக்குப் போடுறதுக்கான வகுப்பு அது. நோயாளி காதுபட 'டர்ட்டி'ன்னா 'நான் குளிச்சுட்டுத்தானே வந்தேன்'னு அழுவாங்க. கேஸ் ஷீட்ல ஆங்கிலத்துலயே இருக்கட்டும். சொந்தக்காரங்களுக்குத் தர்ற தாள்ல 'ஏற்கெனவே தொற்று உள்ள காயம்'.

சூளகிரி_பி | 3 ஜூன், இரவு 10.02
கேள்வி கேட்டவர் அட்டையில இடம் மிச்சம்னு சொன்னாரு. இப்போ சுவரே பத்தாது போலிருக்கே.

அரூர்_வாத்தியார் | 4 ஜூன், காலை 7.15
மேலே சொன்ன எதிலும் டர்ட்டி என்பது கண்ணில் படும் கறையைக் குறிக்கவில்லை. ஒரு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கிறது. இந்தக் கருத்துக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: எச்சில். வாய் வைத்த டம்ளர் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் எச்சில்தான், கழுவும் வரை. தொட்ட தட்டு முழுவதும் டர்ட்டி என்று சிஸ்டர் சொன்னது இதேதான்.

அதற்காக அட்டையில் 'எச்சில் பக்கம்' என்று எழுதச் சொல்லவில்லை. ஆட்களுக்கு விளக்கும்போது வாயால் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

பாலக்கோடு_24 | 4 ஜூன், காலை 8.03
அப்படின்னா தீட்டுன்னும் சொல்லலாமே. அதுவும் கண்ணுக்குத் தெரியாதுதானே.

வார்டு_சிஸ்டர் | 4 ஜூன், காலை 8.20
வேண்டாங்க. வேலைக்கூடத்துல அந்த வார்த்தையே நுழையக் கூடாது. எச்சில் பொருள் மேல வர்றது, கழுவினா போயிடும். அந்த இன்னொண்ணை மனுஷங்க மேல வச்சுத்தான் பழக்கம். மூணாவது நாளே 'டர்ட்டி ஏரியா ஆளு'ன்னு துப்புரவு அக்காவைக் கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. ஆங்கிலத்துலயும் டர்ட்டி ஆள் மேல ஏறினா வசவுதான். அதனாலதான் நிறைய மருத்துவமனையில அந்த அறைப் பலகையை 'டீகன்டாமினேஷன்'னு (மாசு நீக்கம்) மாத்திட்டாங்க. தமிழ்ல 'கழுவும் பகுதி'ன்னா யார் மேலயும் ஒட்டாது.

அரூர்_வாத்தியார் | 4 ஜூன், காலை 8.41
சிஸ்டர் சொல்வது சரி. எச்சிலோடு நிறுத்திக்கொள்வோம்.

சர்வர்_ரூம் | 4 ஜூன், காலை 11.30
எச்சில் கணினியில் உதவாது சார், அர்த்தம் நேர் எதிராகிவிடும். நினைவகத்தில் மாற்றப்பட்டு, இன்னும் டிஸ்கில் எழுதப்படாத பக்கத்தை டர்ட்டி பேஜ் என்கிறோம். அதுதான் சரியான, புதிய நகல். டிஸ்கில் கிடக்கும் 'கிளீன்' நகல்தான் பழசு. எச்சில் என்றால் ஒதுக்கு, கொட்டு என்று தோன்றும். டர்ட்டி பேஜைக் கொட்டினால் தரவு போச்சு.

பென் டிரைவை 'காப்பி ஆகிடுச்சு' என்று பிடுங்கியதும் கோப்பு பாதியில் நிற்பது இதனால்தான். லினக்ஸ் இயல்பு அமைப்பில் டர்ட்டி பக்கங்கள் கிடைக்கும் நினைவகத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 விழுக்காட்டைத் தொட்டால் எழுதும் நிரலையே நிறுத்திவைத்து டிஸ்குக்குத் தள்ளும். 30 விநாடிக்கு மேல் பழசான பக்கத்தையும் எழுதிவிடும். நினைவக நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'டர்ட்டி' என்ற வரியிலேயே எவ்வளவு பாக்கி என்று பார்க்கலாம். பாக்கியை எழுதவைக்கும் சிங்க் கட்டளை கொடுத்து, அது முடிந்த பிறகு பிடுங்குங்கள். தமிழில் 'எழுத வேண்டியது' அல்லது 'நிலுவைப் பக்கம்'.

டர்ட்டி ரீடு வேறு. ஒருவர் இன்னும் உறுதி செய்யாத மாற்றத்தை இன்னொருவர் படித்துவிடுவது. ஸ்டாக் 40 என்று முதல் ஆள் போட்டு, பிறகு ரத்து செய்கிறார். நடுவில் படித்த இரண்டாவது ஆள் இல்லாத 40க்கு பில் போடுகிறார். ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் படாமல் பிரித்துவைக்கும் அளவைத் தனிமை மட்டம் என்பார்கள்; தரவுத்தளத்தில் அதை மிகக் கீழே வைத்தால்தான் இது நடக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அந்த மட்டத்தைக் கேட்டாலும் கொடுக்காது, ஒரு படி மேலே வைத்துவிடும். இங்கே 'உறுதியாகாத வாசிப்பு'. ஆக ஒரே துறையில் இரண்டு டர்ட்டிக்கு இரண்டு சொல்.

ஓசூர்_தமிழாக்கம் | 4 ஜூன், மதியம் 1.10
கணினி என் பட்டியலில் இல்லை, ஆனாலும் பயன்பட்டது. 'வடிக்கும் முன் / வடித்த பின்' எடுத்துக்கொண்டேன். லினன் இரண்டாகப் பிரித்தாயிற்று. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை அட்டையும் உண்டு. அங்கே டர்ட்டி ஏரியா, டர்ட்டி ஃப்ரூட் இரண்டும் வருகின்றன. யாராவது?

பெங்களூரா | 4 ஜூன், மாலை 6.25
டர்ட்டி ஃப்ரூட்ல ரெண்டு சங்கதியைக் குழப்பாதீங்க. தத்துப்பூச்சி தாக்கின மரத்துல இலை, காய் மேலெல்லாம் தேன் மாதிரி கசிவு படியும், அதுல கரும்பூசணம் வளரும். பழம் அடுப்புக்கரி பூசின மாதிரி இருக்கும். தேய்ச்சா போயிடும், உள்ளே சதை நல்லா இருக்கும். காம்புப் பால் வழிஞ்சு தோல் வெந்த கறை தேய்ச்சாலும் போகாது. அதுவும் கூழுக்கு ஆகும், அப்படியே சாப்பிடுற டேபிள் பழமா விக்க ஆகாது. தோல் மஞ்சளா அழகா இருந்து காம்படியில அமுங்குறதுதான் ஒதுக்க வேண்டியது. தரம்பிரிக்கிற மேசைக்கு 'அழுக்குப் பழத்தை அகற்றவும்'னு எழுதினா கரிப்பழத்தை எல்லாம் தள்ளிட்டு அழுகலை உள்ளே விடுவாங்க. 'அழுகல், ஓட்டை, அமுங்கியது – அகற்று. கரி, மண் – கழுவு.' இவ்வளவுதான்.

டர்ட்டி ஏரியான்னா பழம் குளோரின் தொட்டியைத் தாண்டுற வரைக்கும். முதல்ல வெறும் தண்ணியில மண்ணைப் போக்கணும், அப்புறம் குளோரின், அப்புறம் நல்ல தண்ணி. 1,000 லிட்டருக்கு 10 விழுக்காடு ஹைப்போகுளோரைட் 1 லிட்டர் ஊத்தினா 100 பி.பி.எம். (பத்து லட்சத்துல 100 பங்கு). ஆனா காலையில ஊத்தினதை வச்சே சாயங்காலம் வரை ஓட்ட முடியாது. மண்ணும் பழச்சாறும் குளோரினைத் தின்னுடும். மணிக்கொருக்கா குளோரின் அளவு காட்டுற பட்டைத்தாள் வச்சுப் பாத்து ஊத்தணும், தண்ணி கலங்கினா மொத்தமா மாத்தணும். பி.எச். (அமில-கார அளவு) 6.5க்கும் 7.5க்கும் நடுவுல இருக்கட்டும். 8.5 ஆனா கிருமி கொல்ற வடிவம் பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். வேலை நடக்காது. ஹைப்போவும் வெயில்ல வச்சா வீரியம் போயிடும், கேன் மேல இருக்கிற 10ஐ நம்பி ரெண்டு மாசம் கழிச்சு ஊத்தாதீங்க.

சிற்றேரி | 4 ஜூன், இரவு 8.12
டர்ட்டி வாட்டர் பற்றி யாரும் பேசவில்லையே. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இது உயிர் விஷயம். கண்ணாடி போன்ற ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம், கலங்கிய ஏரி நீரில் அது பெரும்பாலும் குறைவு. பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைவனம்) வகுத்த ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை. கலங்கல் 1 அலகு, வேறு வழி இல்லாவிட்டால் 5. இரண்டும் தனித்தனி வரி. ஃபுளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடும். துணியில் வடிகட்டினாலும் சாதா கேண்டில் ஃபில்டரிலும் போகாது. பல்லில் பழுப்புக் கோடு, பிறகு மூட்டு விறைப்பு என்று தெரியவரும்போது வருடங்கள் ஓடியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் தண்ணீர் விட்டது, ஜப்பான் கடனில் வந்தது, அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது.

அட்டையில் 'அழுக்கு நீர் குடிக்காதே' என்று எழுதினால் தெளிந்த போர் தண்ணீரைத் தைரியமாகக் குடிப்பார்கள். குழாய் மேலேயே 'குடிக்க அல்ல' / 'குடிநீர்' என்று எழுதுங்கள். காரணம் எழுத இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

டீசல்_கை | 4 ஜூன், இரவு 8.30
ரேடியேட்டருக்கும் அதே போர் தண்ணிதான் ஊத்துறானுங்க. உப்பு படிஞ்சு டியூப் அடைச்சுக்கும். அது தனி இழை.

பட்டுக்கூடு | 5 ஜூன், காலை 6.50
எதிர்ப்பக்கச் சொல்லையும் பாருங்க. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில ஏலம் முடிஞ்சு நூலாகி வந்த பிறகு கச்சாப் பட்டுக்கு 'கிளீன்னெஸ்' பரிசோதனைன்னு ஒண்ணு இருக்கு. நூலைக் கறுப்புப் பலகையில வரிவரியா சுத்தி வெளிச்சத்துல பாப்பாங்க. அழுக்கையே பாக்கிறதில்லை. முடிச்சு நீளமா இருக்கா, கழிவுநூல் சேர்ந்து தடிச்சிருக்கா, இழை பிரிஞ்சு நிக்குதா, பெரிய சுருள் இருக்கா, இதுதான் கணக்கு. சின்னச்சின்ன புடைப்பு, மயிர் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறது எல்லாம் 'நீட்னெஸ்'ங்கிற தனிப் பரிசோதனை. 'தூய்மை மதிப்பெண்'னு மொழிபெயர்த்தா நூற்பவர் தண்ணியை மாத்திக்கிட்டே இருப்பார், மதிப்பெண் ஏறாது. முடிச்சு வாலைக் குட்டையா வெட்டினா ஏறும்.

கறைக்கூட்டுலயும் ரெண்டு. புழு கடைசியா போன மூத்திரம் பட்டது வெளிக்கறை. உள்ளே கூட்டுப்புழு செத்துக் கசிஞ்சது உள்கறை. வெளிக்கறை ஓரளவு நூலாகும். உள்கறையை நல்ல கூட்டோட வேக வச்சா தொட்டித் தண்ணியே நிறம் மாறி மத்த நூலும் மங்கும். கடைசியா சோப்புல காய்ச்சிப் பசை எடுக்கறப்ப எடையில கிட்டத்தட்ட கால் பங்கு போகும். அது அழுக்கில்லை, செரிசின். புழுவே சுரந்தது.

கல்_குவாரி | 5 ஜூன், காலை 9.05
ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்க மெஷின் புத்தகத்துல டர்ட்னா மண். டர்ட் ரோடு மண் ரோடு, டர்ட் பக்கெட் மண் வாரும் பக்கெட். கிரானைட் குவாரியில ஒரு எக்ஸ்கவேட்டர் தமிழ் அட்டை 'அழுக்கை அகற்றும் வாளி'ன்னு தொங்குது. துடைக்கிற வாளின்னு நினைச்சு சிரிக்கிறாங்க.

அரூர்_வாத்தியார் | 5 ஜூன், காலை 9.50
அந்தச் சொல்லின் பூர்வீகம் மண்கூட இல்லை. பழைய வட ஐரோப்பிய மொழியில் ட்ரிட், பொருள் மலம். இடைக்கால ஆங்கிலத்தில் ட்ரிட் என்றே இருந்து, எழுத்து இடம் மாறி டர்ட் ஆனது. நம்மிடம் தசை சதையானது, விசிறி சிவிறியானது போல. மலம் மண்ணாகி, மண் தூசியாகி, இன்று ஃபில்டரின் ஒரு பக்கத்துக்குப் பெயராகிவிட்டது. ஆள் மேல் ஏறும்போது மட்டும் பழைய வாடை திரும்புகிறது.

கணக்கர்_கிருஷ்ணகிரி | 5 ஜூன், மதியம் 2.40
வாடையே இல்லாத டர்ட்டி ஒன்று இருக்கிறது. அரசுப் பத்திரச் சந்தையில் கிளீன் பிரைஸ், டர்ட்டி பிரைஸ். திரையில் காட்டுவது கிளீன். வாங்குபவர் கொடுப்பது டர்ட்டி, அதாவது கடைசி வட்டித் தேதியிலிருந்து சேர்ந்த வட்டியும் சேர்த்து. முகமதிப்பு 100, வட்டி 7.20 விழுக்காடு, 45 நாள் ஓடியிருக்கிறது. நம் அரசுப் பத்திரத்துக்கு மாதம் 30 நாள், வருடம் 360 நாள் கணக்கு. 7.20 × 45 ÷ 360 = 0.90. திரையில் 101.50 என்றால் கையிலிருந்து போவது 102.40. வட்டி கொடுக்கும் தேதியில் டர்ட்டி விலை சடாரென்று இறங்கும், நஷ்டம் என்று பதற வேண்டாம். 'வட்டி சேர்ந்த விலை' என்றால் தெளிவு. கறுப்புப் பணத்துக்கு டர்ட்டி மணி என்பார்களே, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சூளகிரி_பி | 5 ஜூன், மதியம் 2.52
102.40 கொடுத்துட்டு டர்ட்டின்னு பேர் வேற வாங்கணுமா.

ஓசூர்_தமிழாக்கம் | 5 ஜூன், இரவு 9.15
இப்போதைய பட்டியல். ஏர் ஃபில்டர், திரவ ஃபில்டர்: வடிக்கும் முன் / வடித்த பின், அம்புக்குறியோடு. ஹைட்ராலிக்: துகள் கூடிய எண்ணெய். மருத்துவமனை: கழும் பகுதி, உபயோகித்த துணி, ரத்தம் / கழிவு பட்ட துணி. மாங்கூழ்: கழுவாத பழப் பகுதி. குழாய்: குடிக்க அல்ல. 'அழுக்கு' ஓர் இடத்தில் மட்டும் தங்கியிருக்கிறது: கை துடைக்கும் கந்தல் போடும் டிரம்.

டீசல்_கை | 5 ஜூன், இரவு 9.22
அந்த டிரம்முக்கும் 'எண்ணெய்க் கந்தல் மட்டும், மூடி வைக்கவும்'னு எழுதுங்க. ஆளிவிதை எண்ணெய், பெயின்ட் எண்ணெய் நனைஞ்ச துணியைக் குவிச்சு வச்சா தானா சூடாகிப் பத்திக்கும். இரும்பு டிரம், மூடி போட்டது, தினம் சாயங்காலம் காலி பண்ணணும்.

வார்டு_சிஸ்டர் | 5 ஜூன், இரவு 9.40
'கழும்' இல்லைங்க, 'கழுவும் பகுதி'. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. அப்புறம் அந்தப் பகுதிக்கும் கிளீன் பகுதிக்கும் நடுவுல தரையில சிவப்பு டேப் ஒட்டுறதா இருந்தா வேண்டாம். தினமும் ஈரத்துடைப்பம் போடுற இடம், ஓரம் உரிஞ்சு அதுக்குள்ளேயே அழுக்கு சேரும். எபாக்சி பெயின்ட்ல 10 செ.மீ. அகலத்துக்குக் கோடு போடச் சொல்லுங்க. காயுற வரைக்கும் அந்த வழியில டிராலி விடாதீங்க.